பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்

பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்தில் நின்று தெற்கே பார்த்தால் கண்ணை அடைத்துக்கொண்டு மலை நிற்கும். ஊருக்குப் பக்கத்திலேயே பாலாறு–பொருந்தலாறு அணை. அதற்கப்பால் பழனி மலைத்தொடர் சட்டென்று எழும்பிவிடுகிறது. ஊர் இருக்கும் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர். மலைமேல் கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேல். தொலைக்காட்சி அலை நேராகத்தான் போகும், மலையைச் சுற்றி வளைந்து வரத் தெரியாது. தென் மாவட்டங்களுக்குப் படம் கொண்டுவர வேண்டும் என்று தூர்தர்ஷன் முடிவெடுத்தபோது, கோபுரம் நடுவதற்கு அந்த உயரத்தைவிடத் தோதான இடம் கிடைக்கவில்லை. எண்பதுகளின் பிற்பாதியில் வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டிவி என்றால் அது கொடைக்கானலிலிருந்து வருவது. சென்னையும் டெல்லியும் அதற்குப் பின்னால் எங்கோ இருந்த ஊர்கள்.

குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் தொலைக்காட்சி இந்தக் கோபுரத்தைவிட வயதில் மூத்தது. டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டே வருடத்தில், 1961இல், போர்டு அறக்கட்டளையின் உதவியோடு அங்கே பள்ளித் தொலைக்காட்சி வந்துவிட்டது. வீடுகளுக்கு நாள்தோறும் செய்தியும் பாட்டும் வருவதற்கு முன்பே, டெல்லி மேல்நிலைப் பள்ளிகளுக்கு இயற்பியலும் வேதியியலும் திரையில் போயின. சோதனைக்கூடம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் சோதனையைக் கண்ணால் பார்க்கட்டும் என்பது நோக்கம். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒளிபரப்பு பாட வேளையை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரைக்கு முன்னும் பின்னும் வகுப்பாசிரியர் பேச நேரம் விட்டிருந்தார்கள். இன்ன பாடம் வரப்போகிறது என்று அவர் தயார்ப்படுத்துவார், முடிந்ததும் கேள்வி கேட்பார். பெட்டி ஒருபோதும் தனியாக விடப்படவில்லை.

கிராமத்துக் குழந்தைகள் கணக்கில் வந்தது 1975இல். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆகஸ்ட் 1 அன்று ‘சைட்’ என்ற சோதனையை இந்தியா தொடங்கியது. ஆறு மாநிலங்கள், சுமார் 2,400 கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் கோழிவலைக் கம்பியால் செய்த பத்தடி அகலக் குடை ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். கீழே பள்ளிக்கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் ஊருக்கு. காலை நேரத்தை இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்று நான்கு மொழிகளுக்குப் பங்கு வைத்தபோது ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டரை நிமிடம் வந்தது. அகமதாபாதில் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் யஷ் பால் இந்த வேலையின் நடுவில் இருந்தார். பாடப் புத்தகத்தைத் திரும்ப ஒப்பிக்காமல், தண்ணீர், நிழல், சக்கரம், எறும்பு என்று பிள்ளைகளின் கைக்கு எட்டும் பொருள்களிலிருந்து அறிவியலைத் தொடங்க வேண்டும் என்று நம்பியவர்களின் காலம் அது. சோதனையின்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 48,000 பேருக்குத் தொலைக்காட்சி, வானொலி, அச்சுப் பாடம் மூன்றையும் சேர்த்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். பிள்ளைக்குப் படம் காட்டும் முன் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடு என்ற அந்த யோசனை இன்றைக்கும் எனக்குப் பெரியதாகப் படுகிறது.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் கிராமத்துப் பிள்ளை தன் மொழியில் எறும்பைப் பற்றிப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆகஸ்டில், 15ஆம் தேதி, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தொலைக்காட்சி பேசத் தொடங்கிய நாள் அது. குழந்தைகளுக்கென்று ‘கண்மணிப் பூங்கா’ வந்தது. பள்ளி மாணவர்களுக்குக் ‘காண்போம் கற்போம்’ வந்தது. ஸ்டுடியோ விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள், ஒப்பித்த பாட்டு, மாமா என்றோ அக்கா என்றோ அழைக்கப்பட்ட ஒரு பெரியவர். வசதியும் பணமும் குறைவாக வைத்துக்கொண்டு செய்த வேலை. ஆனாலும் தமிழ்நாட்டுக் குழந்தையின் முகத்தை இங்கே தொலைக்காட்சித் திரையில் காட்டியது அதுதான். சென்னைக் கோபுரத்தின் அலையோ சென்னையைச் சுற்றியே நின்றுவிட்டது. பழனிக்கும் சென்னைக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல்.

1983 ஆகஸ்டு கடைசியில் சேலஞ்சர் விண்ணோடம் இன்சாட்-1பி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் விட்ட பிறகு நாடு முழுக்க ஒளிபரப்புக் கோபுரங்கள் முளைத்தன. மாநில மொழிகளில் பள்ளி நிகழ்ச்சி தயாரிக்க நிறுவனங்கள் அமைந்தன. அந்தப் பட்டியலிலும் ஆறு மாநிலங்கள்தான்: ஆந்திரம், ஒரிசா, பீகார், குஜராத், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம். தமிழ்நாடு இரண்டாவது முறையும் வெளியே நின்றது. 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை தொடங்கியது; அதற்கு நிகழ்ச்சி செய்த மையங்களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மையமும் சேர்ந்தது. அந்த வகுப்பறை கல்லூரிப் பிள்ளைகளுக்கானது, பேச்சு ஆங்கிலம். கொடைக்கானல் வழியாக எங்கள் ஊர்ப் பக்கம் இறங்கி வந்த கல்வியில் பெரும்பங்கு இப்படி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தது.

இருந்தும் பார்த்தோம். பெட்டி உள்ள வீடு தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். மரக்கதவு வைத்த சாலிடேரோ டயனோராவோ, மேலே வெள்ளைத் துணி. கூரை மேல் அலுமினியக் குழாய் ஆன்டெனா. காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், ஒருவர் வாசலில் நிற்பார், ஒருவர் உள்ளிருந்து “வந்துருச்சு, வந்துருச்சு, விட்ரு!” என்று கத்துவார். திரையில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்தால் அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். வீடு கொள்ளாத கூட்டம் தரையில் உட்கார்ந்திருக்கும். எல்லா வாசலும் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருந்தது என்று சொன்னால் அது பொய். உள்ளே வரக்கூடாத பிள்ளைகள் என்று சிலர் இருந்தார்கள். சாதி அதைத் தீர்மானித்தது. அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தார்கள். பஞ்சாயத்துக்கு அரசு கொடுத்த பொது டிவி வந்த ஊர்களில் அந்தப் பிள்ளைகளுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது. அந்தப் பெட்டிகளின் நன்மையைப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நாங்கள் மறக்காமல் வைத்திருக்கும் ஒரு கல்விப் படம் உண்டு: ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’. 1974இல் மத்திய அரசின் திரைப்படப் பிரிவு வெளியிட்டது; ஏழு நிமிடம் போல ஓடும். எழுதி இயக்கியவர் விஜயா முலே. அசைபடம் பீம்சைன் செய்தது. வேடன் விரித்த வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாகப் பறந்து வலையையே தூக்கிக்கொண்டு போகும், எலிகள் கடித்து விடுவிக்கும். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பஞ்சதந்திரக் கதை. நிகழ்ச்சிகளுக்கு நடுவே தூர்தர்ஷன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. பேசிய இந்தி யாருக்கும் புரியவில்லை, பாட்டு எல்லோருக்கும் பாடம். அர்த்தம் எப்படிப் பிடிபட்டது என்றால், பக்கத்தில் இருந்த பெரியவர்களால். வீட்டுக்காரத் தாத்தாவோ, பத்தாவது படிக்கும் அக்காவோ, “பாரு, ஒன்னொன்னாப் பறந்தா மாட்டிக்கும், ஒன்னாச் சேர்ந்து எந்திரிக்கவும் வலையே போயிருச்சு” என்று சொன்னார்கள். அவர்களுக்கும் இந்தி தெரியாது. படத்தைப் பார்த்துத் தாங்களே புரிந்துகொண்டதைத் தங்கள் பேச்சில் எங்களுக்குக் கொடுத்தார்கள். மொழி தெரியாத ஒரு படம் தமிழ்ப் பிள்ளைக்குள் பாடமாக இறங்கியது அந்த வழியில்.

இது எங்கள் ஊர்ப்பக்கத்து நினைவு மட்டும் கிடையாது. ‘சைட்’ முடிந்த பிறகு நடந்த ஆய்வுகள், படம் பார்த்த பிள்ளைகளின் மொழித்திறன் வளர்ந்ததையும், பல இடங்களிலிருந்து விவரம் தேடிக் கேட்கும் பழக்கம் கூடியதையும் காட்டின. பள்ளிச் சேர்க்கையையோ இடைநிற்றலையோ பெட்டியால் மாற்ற முடியவில்லை. அமெரிக்காவில் 1969 நவம்பரில் ஜோன் கான்ஸ் கூனி தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடர், குழந்தைகளுக்கான கல்வித் தொலைக்காட்சியில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதன் முதல் ஆண்டை சாமுவேல் பால், ஜெரி ஆன் போகட்ஸ் இருவரும் அளந்து பார்த்தார்கள். அதிகம் பார்த்த குழந்தை அதிகம் கற்றது. அதிகம் கற்ற குழந்தைகளின் வீட்டில் பெரும்பாலும் அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தாள், பார்த்ததைப் பற்றிப் பிள்ளையோடு பேசினாள். அதற்கு முந்தைய டெல்லி வகுப்பறைக்கும் பிந்தைய எங்கள் தெருவுக்கும் பொதுவாக இருந்தது இந்தப் பேச்சுத்தான்.

பிறகு வந்த மாற்றம் வேகமானது. 1993 ஏப்ரலில் சன் டிவி, அதோடு தெருத் தெருவாகக் கேபிள். கொடைக்கானல் கோபுரத்தைத் தேடி ஆன்டெனாவைத் திருப்பும் வேலை நின்றது. 2006இல் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது; ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவர்களின் பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டில் சொந்தப் பெட்டி. அதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றதில்லை.

2007இல் சுட்டி டிவி வந்தது. தமிழில் குழந்தைகளுக்கு என்றே ஒரு முழு அலைவரிசை. அதில் டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசினார்கள். டோரா கேள்வி கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்று நம்மையே பார்ப்பாள், பார்க்கும் பிள்ளை பதில் சொல்லட்டும் என்று. பிள்ளைகளும் சொன்னார்கள், எழுந்து நின்று கைகாட்டிச் சொன்னார்கள். அந்த இடைவெளியை நான் மதிக்கிறேன். பக்கத்துப் பெரியவர் செய்த வேலையைத் திரையே செய்து பார்க்க எடுத்த முயற்சி அது. ஆனால் பிள்ளை தப்பாகச் சொன்னாலும் டோரா “சரியாச் சொன்னே” என்றுதான் அடுத்த காட்சிக்குப் போவாள். அவள் போன காடும் ஆறும் நம்முடையவை இல்லை. பழனி மலையின் ஒரு மரத்தையோ பறவையையோ அந்த வயதுப் பிள்ளைக்கு அதே அக்கறையோடு காட்டிய தொடர் எதையும் நான் பார்த்ததில்லை.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கியது. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தார். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் ஸ்டுடியோ. அரசு கேபிளில் எண் 200. 1975லிருந்து 44 வருடம் தள்ளி, தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் நாள் முழுக்கப் பாடம் சொல்லும் அலைவரிசை. பாடம் நடத்தியவர்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள். கேமரா முன் நின்று பழக்கமில்லாத அவர்கள் முதலில் கொஞ்சம் விறைப்பாகப் பேசினார்கள்; போகப் போகக் கை வீசி, சிரித்து, வகுப்பில் பேசுவது போலப் பேசினார்கள். அந்த மாற்றத்தைப் பார்ப்பதே சந்தோஷமாக இருந்தது.

சில மாதங்களில் கொரோனா வந்து பள்ளிகளை மூடியது. சுமார் 18 மாதம். மத்திய அரசு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் 200ஆம் எண் திடீரென்று ஒரே பள்ளிக்கூடமாக ஆனது. அந்த நாள்களில் உறவினர் வீட்டில் பார்த்த காட்சி இது. நாலாம் வகுப்புப் பெண் பின்னம் நடத்தும் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பத்தா, அந்த டீச்சர் வேகமாப் போறாங்க. நிறுத்தச் சொல்லேன்.”

“டிவில இருக்கிறவங்க எப்படித் தாயி நிப்பாங்க? உனக்கு என்னா புரியல, எங்கிட்டச் சொல்லு.”

“உனக்குத் தெரியுமா?”

“கொய்யாப்பழத்தை நாலாப் பங்கு வெக்கத் தெரியும்.”

அப்பத்தா அருவாமனையை எடுத்தார். பள்ளிக்கூடம் போகாதவர். பாதியும் காலும் முக்காலும் தட்டில் வந்தன. அந்தப் பாடம் அந்த வீட்டில் முடிந்தது. அம்மாவும் அப்பாவும் காட்டு வேலைக்கோ மில்லுக்கோ போய்விட, பத்து வயதுப் பிள்ளை தன்னைவிடச் சின்னதைப் பார்த்துக்கொண்டு தனியாகப் பெட்டி முன் உட்கார்ந்த வீடுகளில் அது எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களில் போன் சிக்னலே பெரும்பாடு. பள்ளத்தாக்கின் மடிப்புக்குள் இருக்கும் குடியிருப்புக்கு அன்றைக்குக் கோபுரத்து அலை எட்டாத அதே காரணம் இன்றைக்கு இணையத்துக்கும் பொருந்துகிறது. கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் விக்டர்ஸ் அலைவரிசையில் வந்தபோது, வீட்டில் பெட்டி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்துக் கூட்டாகப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய பஞ்சாயத்து டிவியின் முறை அது.

தமிழ்நாடு எடுத்த நடவடிக்கை வேறொன்று, என் கணக்கில் அதைவிடப் பெரியது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். ஊரிலேயே இருக்கும் படித்த பெண்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் போலப் பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதிய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்கிறது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. கோபுரமும் செயற்கைக்கோளும் இல்லாமல், ஒரு தெருவின் பெண் அதே தெருவின் பிள்ளையோடு உட்கார்ந்ததால் கிடைத்த பலன்.

அரை நூற்றாண்டாக நாம் பணத்தை அலையை எட்டவைப்பதில் போட்டோம். கோபுரம், செயற்கைக்கோள், கேபிள், 2004இல் கல்விக்கென்றே ஏவிய எஜுசாட், வீட்டுக்கொரு பெட்டி, கைக்கொரு போன். எல்லாமே வேண்டியிருந்தன, அவை இல்லாவிட்டால் பாலசமுத்திரத்துப் பிள்ளை சென்னைப் பிள்ளைக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கவே மாட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் ஆளுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசியாகத்தான் காசு வந்தது, முதலில் நின்றதும் அந்தக் காசுதான். 1976 ஜூலையோடு அமெரிக்கச் செயற்கைக்கோள் திரும்பிப் போனதும் ‘சைட்’ கிராமங்களின் காலைப் பாடம் ஓய்ந்தது. அது இரவல் பொருள், போகட்டும். தன்னார்வலர் நம்மவர்.

இன்று தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பு நாடெங்கும் ஏறக்குறைய நிறுத்தப்பட்டுவிட்டது. பொதிகை என்று 2000இல் பெயர் பெற்ற அலைவரிசை 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ். கூரைகளில் அலுமினியக் குழாயைக் காண்பதே அரிது. பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். நல்ல தமிழ் அறிவியல் காணொளிகள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன, கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் கிடக்கின்றன. அன்று எங்களுக்கு வாரத்தில் கிடைத்ததைவிட ஒரு பிள்ளைக்கு ஒரு மாலையில் கிடைப்பது அதிகம். ஆனால் ஐந்து அங்குலத் திரையை இருவர் சேர்ந்து பார்ப்பது கடினம். காதில் மாட்டும் கருவி வந்த பிறகு, பிள்ளை எதைப் பார்க்கிறது என்பது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதுகூட இல்லை.

பாலசமுத்திரம் போன்ற பேரூராட்சியில் செய்யக்கூடிய காரியம் சின்னதுதான். பொதுக் கூடத்தில் பெரிய திரை ஒன்று. எந்தச் சாதிப் பிள்ளையும் முன்வரிசையில் உட்காரலாம் என்ற விதி. வாரத்தில் சில மாலைகள், இருபது நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு தமிழ்க் காணொளி. அதற்குப் பின் அரை மணி நேரம் பேச்சு. நடத்துவதற்கு இல்லம் தேடிக் கல்வியில் பழகிய பெண்களில் ஒருவர், அவருக்குக் கட்டுப்படியாகும் சம்பளம். முதல் மாலைக்கு என்ன காட்டுவது என்று கேட்டால் என்னிடம் பதில் உண்டு: அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. மலைமேல் சோலைக்காட்டில் தொடங்கி, ஓடைகள் சேர்ந்து, பாலாறும் பொருந்தலாறும் கீழே இறங்கி வருவதைக் காட்டும் படம். அப்படி ஒரு படத்தை முதலில் யாராவது எடுக்க வேண்டும். மதுரையில் பல்கலைக்கழக மையம் இருக்கிறது, சென்னையில் ஸ்டுடியோ இருக்கிறது, ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது.